பாம்பன் காற்றில் ஒரு கான்கிரீட் பீம்: உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி என்ன செய்கிறது?

பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கி நிற்பவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பது ரயில் பாலத்தைத்தான். 1914இல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், அதன் நடுவே செங்குத்தாக மேலே எழும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, அடியில் கடந்து போகும் விசைப்படகுகள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் தாங்கள் நிற்கும் பாலத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று கடக்கும்போது உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறி, லாரி போனதும் அடங்கிவிடும். அவ்வளவுதான் அந்தப் பாலம் நம்மிடம் பேசுவது.

1974 நவம்பரில் அடிக்கல் நாட்டி, 1988 அக்டோபரில் திறந்த இந்தச் சாலைப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளம். முன்தகைவுக் கான்கிரீட்டால் ஆனது. அதாவது, வண்டிகள் ஏறும் முன்பே உள்ளே இருக்கும் எஃகுக் கேபிள்களை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை அமுக்கி வைத்திருக்கிறார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு கேபிளை இழுத்தால் அது பின்னிழுவிசை முறை. இந்த முறையில் செய்த பீம் பாரத்தின் கீழ் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, கடற்கரை மாவட்டத்தில் பல ஆண்டுகள் பீம் வார்த்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. உப்புக் காற்றில் நிற்கும் பீமுக்கு இந்த முறை பெரிய பாதுகாப்பு. அதே முறைதான், உள்ளே கேபிள் அரித்தாலும் அதை வெளியே காட்டாமல் மறைத்துவிடுகிறது.

கான்கிரீட் அமுக்கத்துக்கு அஞ்சாது, இழுவைக்குத்தான் அஞ்சும். பீமின் மேல் பாரம் ஏறினால் பீம் கீழ்நோக்கி வளையும். அப்போது மேற்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் நீளும். எங்கள் பக்கத்தில் கூரைக்குப் போடும் பனங்கட்டையில் இந்த நீட்சியைத் தாங்குவது வெளிப்புறத்து வைரம். கறுத்து, நார் நாராக ஓடும் அந்தப் பகுதிக்காகத்தான் முற்றிய மரமாகப் பார்த்து வெட்டுவார்கள். கான்கிரீட்டில் நார் கிடையாது. அமுக்கத்தில் அது தாங்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுவையில் தாங்கும். அதனால் அடிப்பக்கத்தில் கம்பி வைக்கிறோம். வீடுகளில் பார்க்கும் சாதாரணக் கம்பிக் கான்கிரீட் அதுதான். அதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் விழுந்த பிறகுதான் அந்தக் கம்பி முழு மூச்சாக வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த விரிசல் குறையே அல்ல, வடிவமைப்பே அப்படி. மதுரையிலோ திருச்சியிலோ அதனால் பெரிய கெடுதல் இல்லை. பாம்பன் பாலத்தின் கரையில் இருக்கும் மண்டபம் ஊரில் கெடுதல் உண்டு. கச்சான் காற்று தென்கடலின் துளியையும், வாடைக் காற்று வடகடலின் துளியையும் மாறி மாறிக் கொண்டுவந்து அந்த விரிசலில் வைத்துவிட்டுப் போகின்றன.

விரிசலே விழாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகச் செய்வார்கள். வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டை சிவந்து விரிந்ததும் மரச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்களும் வட்டைகளும் 'கிறீச்' என்று ஒன்றோடொன்று நெருங்கும். அதன்பின் மேடு பள்ளத்தில் எவ்வளவு உதறினாலும் மூட்டு கழன்றுகொள்ளாது. பிரிக்க வரும் விசை, முதலில் பட்டை தந்த நெருக்கத்தைத் தின்று தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூட்டைத் தொட முடியும். முன்தகைவின் கருத்து இவ்வளவுதான்.

கருத்து பழையது, கான்கிரீட்டில் அதைச் செய்து பார்த்தவர்கள் பலர் தோற்றார்கள். காரணத்தைப் பிடித்தவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் யூஜின் ஃபிரெசினே. அவர் 1911 அளவில் கட்டிய ஒரு பாலத்தின் வளைவுகள் மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்குவதைக் கண்டார். கான்கிரீட் அமுக்கத்தில் இருந்தால் காலப்போக்கில் ஊர்ந்து குறுகும் என்பது அவருக்கு அங்கே உறைத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கம்பியை அதன் பாதுகாப்பான அளவுக்கு இழுத்தால், மீட்டருக்கு 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். கான்கிரீட் காய்ந்து சுருங்குவதும் ஊர்ந்து குறுகுவதும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே அளவு. சில மாதங்களில் கம்பி தளர்ந்து, இழுத்ததே வீணாகிவிடும். உயர் இழுவிசைக் கம்பியோ மீட்டருக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதிலிருந்து 0.7 போனால் பெரும்பங்கு மிஞ்சும். 1928இல் அவர் காப்புரிமை பெற்றது இந்தத் தெளிவின் மேல்தான். நிறைய நீளக்கூடிய எஃகு வேண்டும் என்ற அந்த ஒரு முடிவால்தான் இன்று நெடுஞ்சாலைப் பாலங்கள் நிற்கின்றன.

இனி ஒரு பீமைக் கையில் எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட பீம் இது. எந்தப் பாலத்தின் பீமும் அல்ல. நீளம் 20 மீட்டர், அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 120 சென்டிமீட்டர், அமுக்கத்தை நன்றாகத் தாங்கும் எம்45 தரக் கான்கிரீட். தன் எடையே மீட்டருக்கு 1.2 டன், மொத்தம் 24 டன். உள்ளே ஒரு குழாய். அது இரு முனைகளிலும் பீமின் நடு உயரத்தில் தொடங்கி, பீமின் மத்தியில் 45 சென்டிமீட்டர் கீழே இறங்கி வளைந்து போகிறது. குழாய்க்குள் 19 ஸ்ட்ராண்டுகள். ஒவ்வொன்றும் ஏழு கம்பிகளை முறுக்கிய 12.7 மில்லிமீட்டர் கயிறு. அறுந்துபோக 18 டன்னுக்கு மேல் வேண்டும்.

குழாய் ஏன் தொய்வாகப் போகிறது? இரண்டு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி ஈர வலையைக் காயப்போட்டால் கயிறு தொங்கும். கயிற்றின் ஒரு முனையை இழுத்துப் பாருங்கள்: கயிறு நேராகப் பார்க்கும், அந்த முயற்சியில் வலை மேலே எழும். தொய்ந்த கேபிளை இழுத்தாலும் அதேதான். அது நேராக முயன்று, வழி நெடுகக் கான்கிரீட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. நம் பீமில் இழப்பெல்லாம் போகக் கேபிளில் 200 டன் நிலைக்கிறது என்று வைத்தால், அது தரும் மேல்நோக்கிய தள்ளுவிசை மீட்டருக்கு 1.8 டன். தன் எடை 1.2 டன்தானே! அப்படியானால் பாரம் ஏறாத பீமின் மேல் மீட்டருக்கு 0.6 டன் மேல்நோக்கியே மிஞ்சுகிறது. பீம் சற்றே முதுகு தூக்கி நிற்கும். கேபிளைத் தூக்குவிசையாகப் பார்க்கும் இந்தக் கணக்கு முறையை 1960களில் சீன-அமெரிக்கப் பொறியாளர் டி. ஒய். லின் பரப்பினார். மாணவர்களுக்கு முன்தகைவைப் புரியவைக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

கேபிளை இழுக்கும் நாள் தளத்தில் ஒரு விசேஷ நாள். கேபிளை இழுக்கும் ஜாக்கைப் பீமின் முனையில் பொருத்தியதும் அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஸ்ட்ராண்டைக் கவ்விப் பிடிக்கும் ஆப்பு வழுக்கினால் ஸ்ட்ராண்ட் அம்பாய்ப் பாயும். பம்ப் ஓடத் தொடங்கும். ஒருவர் அழுத்தமானியைப் படிப்பார், இன்னொருவர் எஃகு ஸ்கேலைப் பிடித்துக் கேபிள் எவ்வளவு நீண்டது என்று அளப்பார். நம் பீமுக்கு ஜாக்கில் 260 டன் இழுக்க வேண்டும். கேபிள் சுமார் 13 சென்டிமீட்டர் நீள வேண்டும். அழுத்தமும் நீட்சியும் ஒன்றுக்கொன்று சாட்சி. இரண்டும் பொருந்தினால்தான் வேலை முடிந்தது.

ஒரு தளத்தில் அழுத்தம் முழுதாக வந்துவிட்டது. ஸ்கேல் 9 சென்டிமீட்டரில் நின்றது. "பிரஷர் வந்துவிட்டது சார், லாக் செய்துவிடலாம்" என்றார் ஒப்பந்ததாரரின் ஆள். வயதான ஜாக் ஆப்பரேட்டர் பம்ப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "தம்பி, கேஜ் நான் எவ்வளவு இழுத்தேன் என்று சொல்லும். கேபிள் எதுவரைக்கும் இழுபட்டது என்று ஸ்கேல்தான் சொல்லும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வார்க்கும்போது குழாயின் மூட்டு ஒன்று விலகி, சிமெண்ட் பால் உள்ளே புகுந்து, கேபிளை நடுவழியில் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்த இடத்துக்கு அப்பால் இருந்த கேபிளுக்கு இழுவையே போய்ச் சேரவில்லை. அந்தப் பீமை ஒதுக்கி வைத்தோம். அவருடைய அந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ இளம் பொறியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இழுத்து முடியும் தருணத்தில் இன்னொன்று நடக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். நம் பீம் நடுவில் சுமார் 1 சென்டிமீட்டர் மேலே எழுந்து, வார்த்த தளத்தைவிட்டு விலகும். அடியில் செய்தித்தாளை மடித்து நீட்டினால் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும். அதுவரை நீளம் முழுக்கப் பரவிக் கிடந்த 24 டன்னும் அந்த நொடியில் இரண்டு முனைகளுக்கு ஓடிவிடும். முனைகளுக்கு அடியில் மணலைச் சரியாக இறுக்காமல் விட்டவர்கள் தளம் அமிழ்வதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள். கடற்கரை மணலில் இது முதலில் யோசிக்க வேண்டிய விஷயம்.

இழுத்த 260 டன், 200 டன்னாகக் குறைவது பல வழிகளில். வளைவில் குழாயோடு உரசுவதில் கொஞ்சம் போகும். ஆப்பு உள்வாங்கும்போது சில மில்லிமீட்டர். பிறகு கான்கிரீட்டின் சுருக்கம், ஊர்வு, எஃகின் சொந்தத் தளர்வு. இவற்றைக் கணக்கிட நல்ல வாய்ப்பாடுகள் உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.

பாரம் ஏற்றத் தொடங்குவோம். தன் எடையோடு நிற்கும்போது நம் பீமின் மத்தியில் அடிப்பக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 7.3 நியூட்டன் (பத்து நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவின் எடை) அமுக்கத்தில் இருக்கிறது; மேற்பக்கம் 1 நியூட்டன். இரண்டு பக்கமும் அமுக்கமே. பாரம் ஏற ஏற அடிப்பக்கத்து அமுக்கம் கரைகிறது, மேற்பக்கத்தில் கூடுகிறது. மீட்டருக்கு 1.4 டன் ஏறும்போது, அதாவது 20 மீட்டரிலும் சமமாகப் பரப்பினால் 28 டன் ஏறும்போது, அடிப்பக்கத்து அமுக்கம் பூச்சியமாகிறது. இதுவரை பீம் முழுக் கட்டியாக, ஒரே கல்லாக நடந்துகொள்கிறது. பாரம் இரு மடங்கானால் தாழ்வும் இரு மடங்கு. பாரத்தை எடுத்தால் பழைய இடம்.

1.4 டன்னைத் தாண்டினால் கான்கிரீட்டுக்கு முதல்முறையாக இழுவை வருகிறது. அதன் சொந்த இழுவைப் பலம் கொஞ்ச தூரம் இழுத்துப் பிடிக்கும். 2.3 டன் அளவில் முதல் விரிசல் விழும். அங்கிருந்து பீமின் குணமே மாறுகிறது. விறைப்பு குறைந்து, அதே அளவு பாரத்துக்கு முன்னைவிட அதிகமாகத் தாழும். விரிசல்கள் மேல்நோக்கி ஏறும். கேபிளின் இழுவை கூடத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த நிலையிலும் பாரத்தை இறக்கிவிட்டால் கேபிள் இழுத்து விரிசலை மூடிவிடும். லென்ஸ் வைத்துத் தேடினால்தான் தழும்பு தெரியும். சாதாரணக் கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்தத் திறன் கிடையாது.

இன்னும் ஏற்றினால், மீட்டருக்கு ஏறத்தாழ 4 டன்னில், கேபிள் தன் முழுப் பலத்தை நெருங்கியும் மேற்பக்கத்துக் கான்கிரீட் நசுங்கியும் பீம் விழும். அதற்கு முன் நன்றாகத் தாழ்ந்து எச்சரிக்கும். அன்றாடப் பாரத்துக்கும் இறுதிப் பலத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி. ஆரோக்கியமான பீமின் வரலாறு இது.

பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டுவிசையிலும் கேபிள் கைகொடுக்கிறது. முனைக்கு அருகே அது சாய்ந்து ஏறுவதால், நம் பீமில் ஒவ்வொரு முனையிலும் 18 டன் அளவுக்குச் சுமையைத் தானே தூக்கிக்கொள்கிறது. ஆனால் முனையில் வேறோர் ஆபத்து உண்டு. ஒரு சாண் சதுரத்தைவிடச் சற்றே பெரிய தகட்டின் வழியாக 260 டன் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. ஆப்பு வைத்து விறகைப் பிளப்பதுபோல அது பீமின் முனையைப் பிளக்கப் பார்க்கும். அங்கே சுருள் கம்பியும் அடர்ந்த வளையங்களும் வைப்பது அதற்காக. கம்பி நெருக்கமாக இருக்கிறதே என்று கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை அங்கே அவசரமாக எடுத்துவிடக் கூடாது.

இனி உப்பு. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 19 கிராம், குளோரைடு. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்தில் எஃகின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். குளோரைடு வந்து சேர்ந்தால் அந்தப் படலத்தைப் பொட்டுப் பொட்டாக உடைத்துவிடும். பொட்டு குழியாகும். ஏர்வாடி முதல் தொண்டி வரைக்கும் கடலோர வீடுகளின் சன்ஷேடுகளை அண்ணாந்து பாருங்கள்: அடிப்பக்கம் பிளந்து, சிமெண்ட் பூச்சு தகடு தகடாக உதிர்ந்து, செம்பழுப்புக் கம்பி தெரியும். துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அது ஒரு நேர்மையான நோய். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், ஆள் கூப்பிட்டுச் சரி செய்வார்.

கேபிளின் நோய் அப்படி அல்ல. ஸ்ட்ராண்டின் ஒவ்வொரு கம்பியும் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதுவும் உச்ச இழுவையில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் கம்பியில் விழும் ஒரு சின்னக் குழியால் பெரிய பாதகம் இல்லை. அதே குழி இங்கே விழுந்தால் கம்பி 'டக்' என்று அறும். துருவும் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். கான்கிரீட் பிளக்காது, கறை வழியாது.

பாரம் இல்லாதபோது பீம் எதையாவது காட்டிக்கொடுக்குமா? அதே பீமில் கேபிளின் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கிய தள்ளுவிசை 1.8 டன்னிலிருந்து 1.44 ஆகும். பீம் எவ்வளவு தாழும் தெரியுமா? 20 மீட்டர் நீளத்துக்கு 4 மில்லிமீட்டர். காலை வெயிலுக்கும் மதிய வெயிலுக்கும் இடையே பீம் தானே சில மில்லிமீட்டர் எழுந்து தாழும். அதில் இது கரைந்துவிடும். சரி, பாதிக் கேபிள் போகட்டும். 200 டன், 100 டன்னாகிறது. தன் எடையோடு நிற்கும்போது அடிப்பக்கத்தில் அமுக்கம் 0.5 நியூட்டன். கொஞ்சம்தான், ஆனால் இன்னும் அமுக்கமே. அப்படியென்றால் விரிசல் இல்லை! பாதி உயிர் போன பீம், ஆய்வாளர் ஏணி வைத்து ஏறிப் பார்க்கும்போது, புதுப் பீம் போலவே நிற்கும்.

பாரச் சோதனை செய்து பார்க்கலாமே என்பார்கள். மீட்டருக்கு 0.9 டன் ஏற்றிப் பாருங்கள். முழுக் கேபிள் உள்ள பீமும் சுமார் 1 சென்டிமீட்டர் தாழும். பாதிக் கேபிள் பீமும் அதே 1 சென்டிமீட்டர்தான் தாழும். விரிசல் விழாதவரை பீமின் விறைப்பைத் தீர்மானிப்பது கான்கிரீட்டின் அளவும் தரமும்தான். கேபிளின் இழுவை அல்ல. ஆனால் இறுதிப் பலம்? முழுக் கேபிளில் 4 டன். பாதிக் கேபிளில் 1.7 டன். அன்றாடம் 1.4 டன் வரை ஏறும் பாலத்தில் மிச்சம் இருப்பது 0.3 டன். 1 டன்னைத் தாண்டியதும் அடிப்பக்கம் விரிசல் காணும். வண்டி போனதும் மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில்தான் நாம் போய்ப் பார்க்கிறோம். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. கோவாவில் மாண்டவி ஆற்றின் மேல் 1970இல் திறந்த முன்தகைவுப் பாலம் 1986 ஜூலையில் விழுந்தது, பதினாறே ஆண்டுகள். கழிமுகத்தின் உப்புக் காற்றில் கேபிள்கள் அரித்திருந்தன. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1985 டிசம்பரில், வேல்ஸ் நாட்டில் இனிஸ்-இ-க்வாஸ் என்ற சிறிய பாலம் ஒரு விடியற்காலையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுந்தது. 1953இல் துண்டு துண்டாக வார்த்து, கேபிளால் கோத்துக் கட்டியது அது. துண்டுகளின் மூட்டுகளில் உப்பு இறங்கிக் கேபிளைத் தின்றிருந்தது. பாரம் எதுவும் இல்லாத நேரம் என்பதால் யாருக்கும் காயம் இல்லை. அதன் பின்விளைவாக 1992இல் பிரிட்டன், குழாய்க்குள் சிமெண்ட் பால் நிரப்பும் வகைப் பாலங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தி வைத்தது. விதிகளைத் திருத்திய பிறகு 1996இல்தான் பெரும்பாலானவற்றுக்குத் தடை நீங்கியது. கடலோரத்தில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டு பாலங்களையும் மறக்கக் கூடாது.

எஃகுப் பாலத்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு கண் முன்னே நின்றது. தலைமுறை தலைமுறையாகச் சுரண்டி, வண்ணம் பூசி, தகடு மாற்றி நூறு ஆண்டுக்கு மேல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். புதிய ரயில் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த மூட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அங்கே காப்பு வெளியே இருக்கிறது, தேய்ந்தால் தெரியும். கான்கிரீட் பீமின் கேபிளுக்குக் காப்பு உள்ளே, குழாய்க்குள். அதைப் போடும் வாய்ப்பு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும்.

அந்த நாள் கிரவுட்டிங் நாள். கேபிளை இழுத்து முடித்த பிறகு, குழாயில் மிஞ்சிய வெற்றிடத்தைச் சிமெண்ட் பாலால் நிரப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நெடுஞ்சாலைத் துறை விதி. கடற்கரையில் இரண்டு வாரமே அதிகம் என்பது என் கருத்து; முடிந்தால் இரண்டு நாளில். திறந்த குழாய்க்குள் இரவுப் பனி உப்போடு இறங்கும்.

கிரவுட், அதாவது அந்தச் சிமெண்ட் பால், இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கேபிளைக் காரத்தில் மூழ்கவைத்துத் துருவைத் தடுப்பது. இன்னொன்று பலரும் கவனிக்காதது: அது கேபிளைக் கான்கிரீட்டோடு நீளம் முழுக்க ஒட்டிவிடுகிறது. ஒட்டாத கேபிளில் ஒரு கம்பி எங்கே அறுந்தாலும், இந்த முனை முதல் அந்த முனை வரை அது செத்தது. ஒட்டிய கேபிளில் அறுந்த கம்பி, சற்றுத் தள்ளிக் கிரவுட்டைப் பற்றிக்கொண்டு மீண்டும் வேலை செய்யும். விரிசல் நிலையிலும் ஒட்டிய பீமில் நிறைய மெல்லிய விரிசல்கள் பரவலாக விழும். ஒட்டாததில் சில விரிசல்கள் மட்டும் அகலமாய்ப் பிளக்கும். ஆகவே கிரவுட் வெறும் வண்ணப் பூச்சு போன்ற காப்பு அல்ல. அது பீமின் பலத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு முக்கியமான வேலைக்குத் தளத்தில் கிடைக்கும் மதிப்போ குறைவு. இழுக்கும் நாளில் எல்லோரும் வந்து நிற்பார்கள். கிரவுட்டிங் நாளில் நான்கு தொழிலாளர்களும் ஒரு மேற்பார்வையாளரும்தான் இருப்பார்கள். கலவை தடிப்பாக இருந்தால் பம்ப் திணறுகிறது என்று ஒரு வாளித் தண்ணீரைச் சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கிரவுட் படியப் படியத் தண்ணீர் மேலே ஒதுங்கும். தொய்ந்த கேபிளில் உயர்ந்த இடம் எது? இரண்டு முனைகள். ஆப்புகள் கேபிளைக் கவ்விப் பிடித்திருக்கும் அதே இடத்தில் தண்ணீர் தேங்கி, வற்றி, காற்றறையாகிவிடும். பின்னாளில் உப்பு நுழையும் வாசலும் அதுதான். சிமெண்ட் எடையில் பாதிகூடத் தண்ணீர் இருக்கக் கூடாது. குறைந்த தண்ணீரில் கலவை ஓட வேண்டுமென்றால் அதற்கான ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் எங்கள் மாவட்டத்தில் ஒரு கேள்வி. கடலோர ஊர்களில் பல இடங்களில் கிணற்றுநீரும் போர்நீரும் உவர்ப்பு. குடிக்கவே தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தூரத்திலிருந்து கொண்டுவரும் ஊர்கள் உண்டு. தளத்துக்கு நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். லாரி வராத நாளில் பக்கத்துப் போரைத் திறக்கத் தோன்றும். அந்தத் தண்ணீரில் கலக்கிய கிரவுட், கேபிளைக் காப்பதற்குப் பதிலாகக் குளோரைடைக் கொண்டுபோய் அதன் மேலேயே பூசிவிடும். நான் லாரிக்காக ஒரு முழு நாள் வேலையை நிறுத்தி வைத்து, மேலிடத்தில் திட்டும் வாங்கியிருக்கிறேன். மறுபடியும் அந்த நிலை வந்தால் மறுபடியும் நிறுத்துவேன்.

குழாயும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மெல்லிய தகட்டுக் குழாய், தானே துருப்பிடிக்கும். இப்போது கடுமையான சூழலுக்கு நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய் போடுகிறார்கள். கடற்கரைக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முனையில் ஆப்புகள் உட்காரும் ஆங்கரை மூடும் கான்கிரீட்டையும் கடைசி நேரத்து ஒட்டுப்போடாக நினைக்காமல், பழைய பரப்பைக் கொத்திச் சுரசுரப்பாக்கி, கம்பி கட்டி, முறையாக வார்க்க வேண்டும்.

நல்ல கிரவுட்டிங் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பீமின் ஒரு முனையில் பம்ப். உயர்ந்த இடங்களில் விரல் தடிமனில் மேல்நோக்கி நிற்கும் சிறு குழாய்கள். பம்ப் ஓடியதும் அவற்றின் வழியே முதலில் காற்று சீறும். பிறகு நுரைத்த சாம்பல்நிறத் தண்ணீர். பிறகு மெலிந்த பால். அப்போது மூடிவிடக் கூடாது. உள்ளங்கையை நீட்டி ஏந்திப் பார்க்க வேண்டும். பம்ப்பில் போகும் கலவையும் கையில் விழும் கலவையும் ஒரே தடிப்பு என்று விரலுக்குத் தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக அடைத்து, கடைசிக் குழாயை அடைத்த பின்னும் பம்ப்பின் அழுத்தத்தைச் சிறிது நேரம் தக்கவைக்க வேண்டும்.

மறுநாள் காலையில், வெயில் ஏறும் முன், அந்தச் சிறு குழாய்களின் அடைப்பைத் திறப்போம். ஒரு முழம் கட்டுக்கம்பியை நேராக்கி ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்ப்போம். கம்பி வாயிலேயே முட்டி நின்றால் உள்ளே நிறைந்திருக்கிறது. நான்கு விரல் ஆழம் இறங்கினால், நோட்டில் அந்தக் கேபிளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கலவை இயந்திரத்தை மறுபடி ஓட்டச் சொல்வோம்.